ஒரு மில்லி மருந்தும் மூன்று கிலோ நாயும்

கால்நடை மருத்துவமனையின் வரிசையில் சிறிது நேரம் அமர்ந்திருக்கும் எவருக்கும் ஒரு சந்தேகம் எழாமல் போகாது. அறுபது கிலோ கனத்தோடு ராஜநடை போட்டு வருகிற கிரேட் டேனுக்கு எந்த ஒரு மில்லி தடுப்பு மருந்து செலுத்தப்பட்டதோ, அதே ஒரு மில்லிதான், எஜமானியின் மடியை விட்டு இறங்க மறுத்து நடுங்கிக்கொண்டிருக்கும் மூன்று கிலோ சிவாவாவுக்கும் செலுத்தப்படுகிறது. காய்ச்சல் மருந்தானாலும் குடற்பூச்சி மருந்தானாலும் எடைபோட்டுப் பார்த்துத் துளித்துளியாகக் கணக்கிட்டுக் கொடுக்கும் அதே டாக்டர், தடுப்பூசி என்று வந்தவுடன் தராசை ஒதுக்கி வைத்துவிடுகிறாரே, இது எந்த ஊர் நியாயம் என்று சிறு நாய் வளர்ப்பவர்கள் தங்களுக்குள் முணுமுணுப்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நானும் அவ்விதம் முணுமுணுத்தவன்தான்.

அந்த முணுமுணுப்பில் பாதி நியாயம் உண்டு. மற்றப் பாதி தப்பான இடத்தைச் சுட்டுகிறது. தடுப்பூசியினால் ஒவ்வாமை உண்டாவது பெரிய நாய்களைவிடச் சிறு நாய்களிடத்தில் அதிகம் என்பது மெய்தான். ஆனால் அதற்குரிய பரிகாரம் மருந்தின் அளவைக் குறைப்பதில் இல்லை. ஒரே நாளில் ஏற்றும் ஊசிகளின் எண்ணிக்கையைப் பிரிப்பதிலும், ஊசி போட்ட பின் வரும் முதல் ஒரு மணி நேரத்தை எங்கே கழிக்கிறோம் என்பதிலும் இருக்கிறது. பொமரேனியனோ, பக்கோ, ஷிட்சூவோ, டாக்ஸ்ஹண்டோ வீட்டில் வளர்க்கும் அன்பர்களுக்காக இந்த விஷயத்தைச் சற்று நிதானமாகவே பேசிவிட உத்தேசம்.

முதலில் அந்த ஒரு மில்லியை எடுத்துக்கொள்வோம். வாய்வழியாகக் கொடுக்கும் மருந்து இரத்தத்தில் கலந்து, சரீரம் முழுவதும் பரவி, குறிப்பிட்ட செறிவை எட்டினால்தான் வேலை செய்யும். ஆகையால் சரீரம் பெருக்கப் பெருக்க மருந்தும் பெருகியாக வேண்டும். தடுப்பூசியின் வழி வேறு. தோலுக்கடியில் இறங்கிய மருந்தை அவ்விடத்தில் காவலிருக்கும் அணுக்கள் பற்றிக்கொண்டு, அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்கு எடுத்துச் சென்று, பகைவனின் அடையாளம் இது என்று காட்டிக் கொடுக்கின்றன. அந்த அடையாளத்தைக் கற்றுக்கொள்வதற்கு வேண்டிய குறைந்தபட்ச அளவு, நாயின் எடையைப் பொறுத்து ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. டிஸ்டெம்பர், பார்வோ முதலிய நோய்களுக்கான ஊசிகளிலோ வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமிகளே இருப்பதால், அவை உள்ளே சென்று சிறிது பெருகிய பிறகுதான் பாதுகாப்பு பிறக்கிறது. ஒவ்வாமையும் அளவுக்கு நேர்விகிதமாக நடப்பதன்று. ஏற்கெனவே அதற்கு ஆயத்தமாகிவிட்ட சரீரத்துக்கு மிகச் சொற்ப மருந்தும் போதும். ஆகவே பாதி ஊசி போட்டுக்கொண்டு வந்தவருக்கு, ஒவ்வாமையும் தப்பாமல், நோய்த் தடுப்பும் கிட்டாமல், இரட்டை நஷ்டம் நேர இடமுண்டு. முழு அளவு போடாத ரேபிஸ் ஊசிக்கு எந்த டாக்டரும் மனச்சாட்சியோடு சான்றிதழ் எழுதித் தரவும் முடியாது.

அப்படியானால் சிறு நாய்களுக்கு அபாயம் கூடுதல் என்பதற்கு ஆதாரம் என்ன? அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் மூரும் அவருடைய சகாக்களும் 2005-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். பான்ஃபீல்ட் என்ற மருத்துவமனைத் தொடரில் 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் தடுப்பூசி பெற்ற 12 லட்சத்துக்கு மேற்பட்ட நாய்களின் குறிப்பேடுகளைப் புரட்டி, ஊசி போட்ட மூன்று தினங்களுக்குள் உபாதை கண்டவை எத்தனை என்று கணக்கெடுத்ததில், பதினாயிரம் நாய்களுக்கு ஏறத்தாழ 38 என்ற விகிதம் கிடைத்தது. சராசரியாகப் பார்த்தால் இது சொற்பமே. ஆனால் எடை குறையக் குறைய இந்த விகிதம் ஏறிக்கொண்டே போயிற்று. டாக்ஸ்ஹண்ட், பக், பாஸ்டன் டெரியர், மினியேச்சர் பின்ஷர், சிவாவா ஆகிய ஜாதிகள் பட்டியலின் தலைப்பில் நின்றன. குட்டிகளைவிட, ஒன்று முதல் மூன்று வயதான நாய்களுக்கே உபாதை அதிகமாகக் கண்டது.

அந்த ஆராய்ச்சியில் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தோன்றியது இன்னொரு கணக்கு. ஒரே வருகையில் கூடுதலாகப் போடப்படும் ஒவ்வோர் ஊசிக்கும், 10 கிலோவுக்கு உட்பட்ட நாய்களில் அபாயம் 27 சதவீதம் உயர்ந்தது. அவற்றைவிடப் பெரிய நாய்களில் அந்த உயர்வு 12 சதவீதமாகவே நின்றது. 2023-ஆம் ஆண்டில் மூர் குழுவினர் 46 லட்சம் நாய்களின் குறிப்புகளைக்கொண்டு மறுபடியும் பரிசீலித்தபோதும், ஜாதி, குறைந்த எடை, ஒரே நாளில் பல ஊசிகள் என்ற மூன்று காரணங்களே முன்னுக்கு வந்தன. இம்மூன்றில் ஜாதியை நாம் மாற்ற முடியாது. எடையையும் மாற்ற முடியாது. எண்ணிக்கை ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது.

ஒவ்வாமையின் உக்கிர ரூபத்தைச் சாஸ்திர உலகம் முதலில் கண்டுகொண்டதே நாயிடத்தில்தான் என்பது பலரும் அறியாத செய்தி. பிரெஞ்சு விஞ்ஞானி சார்ல் ரிஷே, மொனாக்கோ அரசர் முதலாம் ஆல்பெர்ட்டின் கப்பலில் யாத்திரை சென்று நச்சுக் கடற்பிராணிகளை ஆராய்ந்தவர். அவரும் பால் போர்த்தியே என்பவரும் பாரிஸுக்குத் திரும்பிய பின், கடற்சாமந்தியின் விஷத்தை நாய்களுக்குச் சிறிதளவு செலுத்தி, அவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி உண்டாகிறதா என்று பார்த்தார்கள். நெப்டியூன் என்ற திடகாத்திரமான நாய் முதல் ஊசியைச் சங்கடமின்றித் தாங்கியது. சில வாரங்கள் கழித்து மறுபடியும் சொற்ப விஷம் ஏற்றியபோது, சிறிது நேரத்துக்குள் மூச்சுத் திணறி, வாந்தியெடுத்து, சரிந்து மாண்டது. பாதுகாப்பு உண்டாக வேண்டிய இடத்தில் அதற்கு நேர்மாறானது உண்டாயிற்று. 1902-ஆம் ஆண்டில் வெளியான இந்தக் கண்டுபிடிப்புக்காக ரிஷேவுக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது.

முதல் ஊசியைச் சுகமாகத் தாங்கிய குட்டி, இரண்டாவது மூன்றாவது ஊசியிலோ அடுத்த ஆண்டு ஊசியிலோ திடீரென்று முகம் வீங்கி நிற்பதன் ரகசியமும் இதுவே. முதற் சந்திப்பில் சரீரம் ஒரு புரதத்தைப் பகையென்று தப்பாகக் குறித்துக்கொண்டு, அதற்கென்று ஒருவகை எதிர்ப்பொருளைத் தயாரித்து வைக்கிறது. மறு சந்திப்பில் தோலிலும் குடலிலும் மூச்சுக்குழலிலும் காத்திருக்கும் அணுக்கள் வெடித்து, ஹிஸ்டமின் முதலிய இரசாயனங்களைக் கொட்டுகின்றன. அந்தப் புரதம் பல வேளைகளில் நோய்க்கிருமியினுடையதாகவே இருப்பதில்லை. கிருமிகளை ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பதற்குக் கன்றின் இரத்தச் சீரம் பயன்படுவதால், அதன் மிச்சசொச்சம் மருந்தில் தங்கிவிடுகிறது. தடுப்பூசியால் ஒவ்வாமை கண்ட நாய்கள் பலவற்றின் இரத்தத்தில் இந்தச் சீரப் புரதத்துக்கு எதிரான பொருள் இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அதே ஜப்பானில் 57,300 நாய்களைத் தொடர்ந்து கவனித்து 2012-இல் வெளியிட்ட கணக்கில், உபாதை கண்டவை 359, அவற்றுள் உயிருக்கு ஆபத்தான அதிர்ச்சி நிலைக்குப் போனவை 41, இறந்தது ஒன்று. அதிர்ச்சி நிலை பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே, அதிலும் பலவற்றுக்குச் சில நிமிஷங்களுக்குள்ளேயே, தலைகாட்டிவிட்டது.

இனி, லட்சணங்களைத் தரம் பிரித்துப் பார்ப்போம். ஊசி போட்ட அன்றும் மறுநாளும் நாய் சோர்ந்து படுத்திருப்பதும், சோற்றைப் பாதியில் விடுவதும், ஊசி போட்ட இடத்தைத் தொட்டால் முனகுவதும், இலேசாக உடம்பு சுடுவதும் சாதாரணம். எதிர்ப்புச் சக்தி வேலையைத் தொடங்கியிருக்கிறது என்பதற்கு மேல் அவற்றுக்கு அர்த்தமில்லை. இரண்டு தினங்களில் தாமாகவே போய்விடும். இரண்டாவது தரம், கண்ணிமை, மூக்கு, உதடு ஆகியவை வீங்குவது, காணாக்கடி கண்டதுபோல் தோலில் தடிப்புகள் எழும்புவது, நாய் முகத்தைத் தரையில் தேய்த்துத் தேய்த்து அரிப்பைத் தீர்த்துக்கொள்ள முயல்வது. இது சில நிமிஷங்களிலும் வரலாம். சில மணி நேரம் கழித்தும் வரலாம். வந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

மூன்றாவது தரத்தைத்தான் பலர் அடையாளம் காணத் தவறுகிறார்கள். மனிதனுக்கு ஒவ்வாமை முற்றினால் மூச்சுத் திணறல் முன்னால் வரும்; நாய்க்கோ கல்லீரலும் குடலுமே முதலில் அடிபடுகின்றன. ஆகவே முகத்தில் ஒரு வீக்கமும் தோலில் ஒரு தடிப்பும் இல்லாமலே, அடுத்தடுத்து வாந்தி, பேதி, சில சமயம் இரத்தம் கலந்த பேதி, கால்கள் தள்ளாடுதல், கைகால் சில்லிடுதல், மயங்கிச் சரிதல் என்று அதிர்ச்சி நிலை நேரே வந்து நின்றுவிடக்கூடும். ஈறு சொல்லும் செய்தி இங்கே மிகவும் உபயோகமானது: ஆரோக்கியமான நாயின் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும், விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். வெளுத்தது வெளுத்தபடியே நின்றால், வேறெந்த யோசனைக்கும் அவகாசமில்லை என்று பொருள். ஈறே கறுப்பாயிருக்கும் நாய்க்கு இமையின் உட்புறத்தைப் பார்த்து நிறத்தை அறியலாம்.

எங்கள் வீட்டு டாக்ஸ்ஹண்ட் சிட்டுவுக்கு நேர்ந்தது இரண்டாவது தரம். ஆண்டு ஊசிகள் இரண்டையும் ஒரே நாளில் போட்டுக்கொண்டு வீடு திரும்பிய சிறிது நேரத்தில், நீண்டு கூர்ந்திருக்கும் அவளுடைய முகம் உருண்டு திரண்டு, கண்கள் இரண்டும் கீற்றாகிவிட்டன. "தேனீ கொட்டியிருக்கும்டா கண்ணா, கொஞ்சம் சுண்ணாம்பு தடவு" என்றாள் அம்மா. ஊசி போட்ட நாள் என்பது நினைவிருந்ததால் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கே திரும்பினோம். ஒவ்வாமையைத் தணிக்கும் அவில் ஊசியும் ஸ்டீராய்டு ஊசியும் ஏற்றி, வீக்கம் வடியும்வரை டாக்டர் அங்கேயே இருத்திக்கொண்டார்.

"அடுத்த வருஷம் பாதி மருந்து போட்டால் போதாதா, டாக்டர்?" என்று கேட்டேன்.

"பாதிக் குடை பிடித்தால் பாதி மழைதான் நனைக்குமா, சார்? முழு மருந்துதான்; ஆனால் ஒரு நாளைக்கு ஒன்று. காலையிலேயே வாருங்கள், போட்ட பிறகு இங்கேயே உட்காருங்கள்" என்றார்.

அந்தப் பதிலில் ஏறக்குறைய எல்லாமே அடங்கியிருக்கிறது. காலையில் போட்டால், பின்னால் வரக்கூடிய வீக்கத்துக்கும் பகல் முழுவதும் டாக்டர் இருப்பார். சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குப் போட்டுக்கொண்டு வந்தால், ஞாயிற்றுக்கிழமை பூட்டிய கதவின்முன் நிற்க நேரும். போட்ட பிறகு குறைந்தபட்சம் அரை மணி நேரமாவது, முன்பு ஒவ்வாமை கண்ட நாயானால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமலும், மருத்துவமனை வளாகத்திலேயே இருப்பது உத்தமம். அதிர்ச்சி நிலைக்கு உயிர்காக்கும் மருந்து அட்ரினலின். அதனுடன் நரம்பு வழியே திரவமும், வேண்டியபோது பிராணவாயுவும் சேர வேண்டும். இவை எதுவும் நம் வீட்டு அலமாரியில் இல்லை. ஒவ்வாமை மாத்திரையோ மெல்ல வேலை செய்வது; சரிந்துவிட்ட இரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தும் சக்தி அதற்குக் கிடையாது.

வீட்டு வைத்தியம் விஷயத்தில் சில எச்சரிக்கைகள் அவசியம். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது; நுரையீரலுக்குள் போய்விடும். உடம்பு சுடுகிறதே என்று பாராசிட்டமாலோ இபுபுரோஃபெனோ கொடுப்பது ஒவ்வாமையைவிடப் பெரிய ஆபத்து. சிறு நாய்க்கு மனித மாத்திரையின் ஒரு துண்டுகூட ஈரலையோ சிறுநீரகத்தையோ குடலையோ கெடுக்கப் போதும். ஒவ்வாமைக்கு மனிதர்கள் சாப்பிடும் செட்ரிசின் போன்ற மருந்துகளை டாக்டர்களே நாய்க்கு எழுதித் தருவதுண்டு. ஆனால் கடையில் கிடைக்கும் சளி மாத்திரைகளில் மூக்கடைப்பு மருந்தும் பாராசிட்டமாலும் கலந்திருக்கும், சர்க்கரையில்லாத சிரப்புகளில் நாய்க்கு விஷமாகிய சைலிடால் இருக்கக்கூடும். ஆகவே இன்ன மருந்து, இத்தனை எடைக்கு இவ்வளவு என்று உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காய்ச்சலைக் கையால் தொட்டு நிர்ணயிக்க முடியாது. நாயின் சரீர உஷ்ணம் இயல்பிலேயே 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருப்பதால், நமக்கு அது எப்போதும் சுடத்தான் சுடும்.

மறுமுறை ஊசிக்குப் போகும்போது செய்ய வேண்டியவை இவை. சென்ற முறை போட்ட மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும் ஒட்டியிருக்கும் தடுப்பூசி அட்டையில், என்ன நேர்ந்தது, எத்தனை நேரத்தில் நேர்ந்தது என்பதை டாக்டர் கையாலேயே எழுதச் செய்யுங்கள்; வேறு டாக்டரிடம் போக நேர்ந்தால் அதுவே சாட்சி. ரேபிஸ் ஊசியையும் கலப்பு ஊசியையும் இரண்டு முதல் நான்கு வார இடைவெளி விட்டுப் பிரித்துக் கேளுங்கள். பிரித்துப் போடுவதால், மறுபடி ஒவ்வாமை வந்தாலும் எந்த ஊசியால் வந்தது என்பது தெரிந்துபோகும். சேர்த்துப் போட்டால் அது என்றைக்கும் தெரியாது. கலப்பு ஊசியையே கவனித்துப் பாருங்கள்: ஒரு குப்பியில் உலர்ந்த வில்லையாக டிஸ்டெம்பர், பார்வோ முதலியவற்றின் மருந்து இருக்கும், இன்னொரு குப்பியில் இருக்கும் திரவத்தால் அதைக் கரைப்பார்கள். அந்தத் திரவம் பல தயாரிப்புகளில் எலிக்காய்ச்சலுக்கான லெப்டோ மருந்தாகவே இருக்கிறது. வெறும் கரைப்புத் திரவம் கிடைக்குமானால் அதில் கரைத்துப் போட்டுக்கொண்டு, லெப்டோவை இன்னொரு நாளைக்குத் தள்ளலாம். மழைக்காலத்தில் எலியும் தேங்கிய தண்ணீரும் மலிந்த நம் ஊர்களில் லெப்டோவை அடியோடு விட்டுவிடுவது விவேகமன்று.

ஊசிக்கு முன்பே ஒவ்வாமை மருந்து கொடுக்கும் வழக்கமும் உண்டு. அது முகவீக்கத்தையும் அரிப்பையும் தணிக்கக்கூடும். தடுப்பூசியின் பலனைக் கெடுப்பதில்லை. ஆயினும் அதிர்ச்சி நிலையைத் தடுக்கும் என்று அதற்கு உத்தரவாதம் இல்லாததால், மருந்து கொடுத்துவிட்டோம் என்ற தைரியத்தில் உடனே வீட்டுக்குப் புறப்பட்டுவிடக் கூடாது. ஜுரமோ பேதியோ உள்ள நாய்க்கு அன்றைய ஊசியை ஒத்திப்போடுவதே முறை.

எத்தனை ஊசி உண்மையில் வேண்டும் என்பதும் கேட்கத்தக்க கேள்விதான். உலகச் சிறுபிராணி மருத்துவர் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, குட்டிப் பருவத்து ஊசிகளை 16 வார வயதோ அதற்கு மேலோ ஆகும்வரை முறையாக முடித்து, ஆறு மாதத்தை ஒட்டி இன்னொன்றும் போட்டுவிட்ட நாய்க்கு, டிஸ்டெம்பர், பார்வோ, கல்லீரல் அழற்சி ஆகியவற்றுக்கான உயிர்க்கிருமி ஊசி மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறைக்கு மேல் அவசியமில்லை; வருஷா வருஷம் வேண்டுவது லெப்டோ. இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று சோதித்து, இருந்தால் ஊசியைத் தள்ளிப்போடும் வசதியும் முன் சொன்ன மூன்று நோய்களுக்கு உண்டு. லெப்டோவுக்கு அந்தச் சோதனை பயன்படாது; ரேபிஸுக்கோ சோதனை முடிவு ஊசிக்கு மாற்றாகாது.

தாமதமாக வரும் உபாதைகளையும் சொல்லிவிட வேண்டும். ஊசி போட்ட இடத்தில் சிறு கட்டி தோன்றிச் சில வாரங்களில் கரைவது சகஜம். ஒரு மாதத்துக்குப் பிறகும் வளர்ந்தாலோ, மூன்று மாதம் கழிந்தும் கரையாவிட்டாலோ காட்ட வேண்டும். பூடில், மால்டீஸ், யார்க்‌ஷயர் டெரியர் போன்ற பட்டுமுடி ஜாதிகளில், ரேபிஸ் ஊசிக்குப் பல வாரங்கள் கழித்து, அந்த இடத்தில் மட்டும் முடி உதிர்ந்து வட்டமாய் வழுக்கை விழுவதுண்டு. சொறி, படை என்று எண்ணிக் கண்ட களிம்பைத் தடவாமல், ஊசி போட்ட தேதியையும் சேர்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

இவ்வளவையும் படித்தபின், ஊசியே வேண்டாம் என்ற முடிவுக்கு எவரேனும் வந்தால் என் நோக்கம் பாழாகிவிடும். உலகில் ஆண்டுதோறும் ரேபிஸால் ஏறத்தாழ 59,000 மனிதர்கள் மடிகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் பெருந்தொகையினர் நம் தேசத்தவர். நோயைக் கொண்டுவருவது அநேகமாக எப்போதும் நாயே. லட்சணம் கண்டபின் அந்நோய்க்குச் சிகிச்சை இல்லை. ஒவ்வாமைக்கோ சிகிச்சை இருக்கிறது, அதுவும் உரிய இடத்தில் காத்திருந்தால் நிமிஷக் கணக்கில் கிடைக்கிறது. மடியைவிட்டு இறங்காத நாயாயிற்றே என்று சிலர் வாதிக்கிறார்கள். மொட்டை மாடிக்கும் வாசற்படிக்கும் வராத நாயை நான் பார்த்ததில்லை. சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் பெறுவதற்கும் ரேபிஸ் ஊசிச் சான்று வேண்டும். அதிர்ச்சி நிலைவரை சென்று மீண்ட நாயின் விஷயத்தில் மட்டும், எந்த ஊசியைத் தொடர்வது, எதை விடுவது, எந்தத் தயாரிப்புக்கு மாறுவது என்பதை டாக்டரோடு உட்கார்ந்து தனியே தீர்மானிக்க வேண்டும்.

ஆகவே சிறு நாய் வளர்க்கும் அன்பர்களுக்கு என் விண்ணப்பம் இவ்வளவே: டாக்டரிடம் அளவைப் பற்றிப் பேரம் பேசாதீர்கள், நாட்களைப் பற்றிப் பேசுங்கள், ஒரு நாளைக்கு ஓர் ஊசி, அதுவும் காலை வேளையில், அதன்பின் ஒரு மணி நேரம் மருத்துவமனைத் திண்ணையில் என்று வைத்துக்கொள்ளுங்கள், ரேபிஸ் ஊசியை மட்டும் உங்கள் சொந்த அச்சத்தின் பேரில் ஒருநாளும் கைவிடாதீர்கள்.